சுண்டால் துரையும் காஜா பெராங்கும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு கிராணி இருக்க வேண்டிய இடம் படுக்கை. நான் இருந்த இடம் சிங்கப்பூர் குவீன் தெருவில் ஜொகூர் பஸ்ஸின் மூன்றாவது ஆசனம். பக்கத்து ஆசனத்திலும் என் ஆசனத்தில் பாதியிலும் நார்வே நாட்டுக் கப்பல் இஞ்சினீயர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவருடைய கப்பல், பழுதுபார்க்கும் துறையில் கிடந்தது. அது சரியாகும் வரை அவரை எங்கள் கப்பல் ஏஜென்சிதான் கட்டி மேய்க்க வேண்டும். “மலாக்கா போக வேண்டுமாம். உமக்குத்தான் மலாய் தெரியுமே, மிஸ்டர் வைத்தியலிங்கம்” என்று எங்கள் ஆபீஸ் துரை என் தலையில் கட்டிவிட்டார்.

என் பெயர் வைத்தியலிங்கம் அன்று. அது என் தகப்பனாரின் பெயர். என் பெயர் சபாபதி. பெயரின் கடைசித் துண்டுதான் குடும்பப் பெயர் என்பது வெள்ளைக்காரர் நம்பிக்கை. அதனால் கடல் தாண்டக் கூடாது என்று திருவையாற்றை விட்டு அசையாத என் தகப்பனார், காலமான பிறகு சிங்கப்பூரில் கிராணி வேலை பார்த்து வருகிறார். சம்பளத்தை மட்டும் நான் வாங்கிக்கொள்கிறேன்.

இஞ்சினீயரின் குடும்பப் பெயர் சுண்டால்.

முதல் நாள் ஆபீஸில் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். நவராத்திரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறதே என்றும் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. நல்லவேளை. ‘டால்’ என்றால் அவர்கள் மொழியில் பள்ளத்தாக்கு. ‘சுன்’ என்பது தெற்கு என்ற சொல்லிலிருந்து வந்ததாம். தென்பள்ளத்தாக்கில் ஒரு பண்ணை; அந்தப் பண்ணையில் குடியிருந்தவர்களுக்கெல்லாம் பண்ணையின் பெயர். பழைய காலத்தில் ஒருவன் பண்ணையை விட்டு வேறு பண்ணைக்குப் போனால், போன இடத்தின் பெயரைப் போட்டுக்கொள்வானாம். பிறகு சட்டம் வந்து, அவரவர் ஒரே பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது.

“இதே பெயரில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று வேறு பக்கம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் இரண்டு ‘என்’ போட்டு எழுதுவார்கள். நாங்கள் ஒரே ஒரு ‘என்’. ஒற்றை ‘என்’காரர்கள் எங்கள் வீட்டார் மட்டுமே” என்றார்.

எங்களுக்கு மூன்று ‘ந’ இருக்கிறது, ஒன்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

பஸ் ஜொகூர் பாலத்தைத் தாண்டும்போது விஷயத்துக்கு வந்தார். பண்ணையை அவர் தகப்பனார் காலத்திலேயே விற்றாகிவிட்டது. வாங்கியவர் தன் சொந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். இவருக்குக் குழந்தை இல்லை. “நிலம் போய்விட்டது. மிச்சம் பெயர்தான். நான் செத்தால் அதுவும் முடிந்தது” என்றார். ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. அந்தச் சட்டமெல்லாம் வருமுன்பே இவருடைய அங்கிள் ஒருவர் கப்பலேறி வந்து, மலாக்காவில் இறங்கி, காஜா பெராங் என்ற இடத்தில் கலியாணம் செய்துகொண்டதாக ஒரு பழைய மாலுமி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. அங்கிள் என்றால் யார், பெரியப்பாவா, மாமாவா என்று கேட்டேன். அப்பாவின் அண்ணன் என்றார். பெரியப்பா. அவருக்குப் பிள்ளையோ பேரனோ இருந்தால் பெயர் பிழைக்கும்.

நியாயமான ஆசைதான். பெயர்தான் அநியாயமான பெயர்.

பகல் பன்னிரண்டரை மணி. மூவார் படகுத்துறை. பத்து பஹாட்டில் ஒரு முறை பஸ்ஸோடு ஆற்றைக் கடந்தது போதாதென்று இங்கேயும் படகு. வெயில் தலையைப் பிளந்தது. காப்பி ஒரு கோப்பை பதினைந்து காசு. அதன் நிறத்துக்காகப் பத்து காசு கொடுக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினால் என் துரையைக் காணவில்லை. படகின் முன்புறத்தில், சொங்கோக் தொப்பி அணிந்த மலாய்ப் பெரியவர் ஒருவரிடமும் அவர் மனைவியிடமும் கையை நீட்டி, வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “சாயா சுண்டால்!”

சாயா என்றால் நான். மற்றச் சொல்லுக்கு மலாயில் என்ன பொருள் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத இயலாது. ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்லக்கூடிய கடைசி வார்த்தை அது என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் வார்த்தைகள் கிடையாது. செருப்பு, துடைப்பம் முதலியவைதான்.

பெரியவர் தம் மனைவியைத் துரையை விட்டு என் பக்கமாக நகர்த்தினார். பிறகு என்னையும் பார்த்து, மனைவியை வேறு பக்கமாக நகர்த்தினார்.

துரையைத் தனியே இழுத்துப் போய் விளக்கினேன். முதலில் நாசூக்காகச் சொன்னேன், புரியவில்லை. உடைத்துச் சொன்னேன். காது வரை சிவந்தார். பிறகு, “நான் பெயரைச் சொல்லாவிட்டால் என் உறவினர்கள் என்னை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?” என்று கேட்டார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மூவாரிலிருந்து மலாக்கா இருபத்தெட்டு மைல். இரண்டரை மணிக்கு இறங்கினோம். ஜாலான் பெண்டஹாராவில், சேலைக் கடைகளுக்கு எதிரே, புக்கிட் காதில்காரரான முனியாண்டி என்பவரின் டாக்சியைப் பிடித்தேன். காஜா பெராங் போய், காத்திருந்து, பிறகு தம்பின் ரயிலடியில் கொண்டுபோய் விட எட்டு வெள்ளி, அதாவது எட்டு டாலர். திரும்புகையில் படகே வேண்டாம் என்று தீர்மானித்திருந்தேன்.

“தொரை பேரு என்னா சார்?” என்றார் முனியாண்டி. சொன்னேன். வண்டி ஒரு சைக்கிளை உரசிக்கொண்டு போய் நின்றது.

“அட சாமி! யார் சார் வெச்சது இந்தப் பேரெ?”

“அவங்க ஊர்ல அது பள்ளத்தாக்கு.”

“இங்க அது பள்ளம்தான் சார், விழுந்தா ஏற முடியாது. காஜா பெராங்ல அதெ வாயெத் தொறந்து சொல்லிடாதீங்க. மலாக்காவுலயே தலைமொறெ தலைமொறெயா இருக்கற செட்டிங்க கம்போங் அது, அவங்க கிராமம். பாக்க நம்ம ஆளுங்க மாதிரியே இருப்பாங்க, துன்னூறு பூசுவாங்க, கோயிலு கும்புடுவாங்க. பேசறது பூரா மலாய். நீங்க சுண்டல்னு சொன்னாக்கூட அவங்களுக்குக் கடலெ ஞாபகம் வராது.”

“நான் சொல்ல மாட்டேன். அவரைத்தான்...”

“அவரெ நான் பாத்துக்கறேன். போலே!” என்றார் முனியாண்டி. முடியும் என்று அர்த்தம். முடியவில்லை.

காஜா பெராங் என்பதற்குச் சீறும் யானை என்று பொருள் சொல்கிறார்கள். நான் போனபோது ஒரு நாய் கூடச் சீறவில்லை. தாழ்ந்த கூரை வீடுகள். நிலைகளில் மாவிலைத் தோரணம். நானும் முனியாண்டியும் யாரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே துரை முதல் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்து, நெற்றியில் திருநீறு இட்ட ஒரு அம்மாள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தென்னைமரம் போன்ற உயரம். துரை தொப்பியைக் கழற்றினார். அகராதியைப் பார்த்து எனக்குத் தெரியாமல் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை உரக்கச் சொன்னார்:

“சாயா சாரி சுண்டால்!”

நான் தேடுகிறேன் என்பது முதல் இரண்டு சொற்களின் பொருள். யாரைத் தேடுகிறார் என்பதை வாசகர் சேர்த்துக்கொள்ளலாம்.

துடைப்பத்தின் முதல் வீச்சு துரையின் தோளில். இரண்டாவது என் முதுகில். நான் அவரைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்தேன் என்று எழுதினால் நன்றாயிருக்கும். உண்மையில் ஓடத் தவறிவிட்டேன்.

“நாயே! மானமுள்ள வீட்டு வாசல்ல வந்து கேக்கறியா? வெள்ளைக்காரன் ஆட்சி போயிடுச்சுன்னு யாரும் உனக்குச் சொல்லலையா?”

இவ்வளவும் மலாயில். அக்கம்பக்கம் கூடிவிட்டது. முனியாண்டி இரு கையையும் கூப்பிக்கொண்டு நடுவே புகுந்து மலாயிலேயே மன்றாடினார். “அக்கா, அக்கா, மன்னிச்சுக்குங்க! இவரு அந்த மாதிரி ஆளெத் தேடலே. இவரு பேரே அதுதான்! அவங்க அப்பா பேரும் அதுதான்!”

கூட்டம் ஒரு கணம் விழித்தது. அப்புறம் சிரித்தது. ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அவனோட பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று ஒரு குரல் கேட்க, மீண்டும் சிரிப்பு. துரை தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. என் முதுகும் வலித்தது.

துடைப்பக்கார அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. துரையை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் துரைக்குச் சமமாக நின்று கண்ணைப் பார்க்க அவர் ஒருவரால்தான் முடிந்தது.

“‘என்’ ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்குமுன்பே துரை ஒரு விரலை உயர்த்தினார்.

துடைப்பம் கீழே விழுந்தது. “எங்க அப்பாவுக்கும் அதே நோய்தான்” என்றார் அந்த அம்மாள். “ஒண்ணுதான், ஒண்ணுதான்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்.”

பெயர் லெட்சுமி பெராங். அவரே துரையின் பெரியப்பா மகள். உள்ளே உட்கார வைத்தார். இலையில் மடித்த பலகாரமும் காப்பியும் வந்தன. அடிபட்டவன் என்ற முறையில் எனக்கு இரண்டு பலகாரம். பெரியப்பா ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டாராம்.

“எங்க தாத்தா, அம்மாவோட அப்பா, எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டார். வெள்ளைக்காரன், சரி. கோயிலுக்கு வரணும், அப்பா சரின்னு வந்தார். மாட்டிறைச்சி கூடாது, சரி. பேருதான் முடியாதுன்னு தாத்தா சொல்லிட்டார். கல்யாணமாகி என் மகளை ஊர்ல சுண்டால் பொண்டாட்டின்னு சொல்லுவாங்களான்னார். அப்பா, இந்த இடத்துக்குப் பேரென்னன்னு கேட்டாராம். காஜா பெராங். ‘யானையை நீங்களே வெச்சுக்குங்க, சீற்றத்தை நான் எடுத்துக்கறேன்’னாராம். அன்னையிலிருந்து பெராங்.”

ஊருக்குக் கடிதமே போடவில்லையே என்று துரை கேட்டார்.

“போடணும்னு உக்காருவார். கடைசியில எந்தப் பேரைப் போடறதுன்னு எந்திரிச்சுடுவார்.”

நான் சிரித்தேன். துரை சிரிக்கவில்லை. “சரியாகச் செய்திருக்கிறார். எங்கள் பழைய வழக்கம் அதுதான். போன இடத்தின் பெயர்” என்றார். பிறகு, நாங்கள் மூன்று பேரும் எதிர்பார்த்திருந்ததைக் கேட்டார். அம்மாளுக்குப் பிள்ளை உண்டா?

ஒரு மகன். இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூட வாத்தியார். அன்று உஜோங் பாசிரில் பந்து விளையாடப் போயிருந்தான்.

துரை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பண்ணை போனது, தனக்குப் பிள்ளையில்லாதது, தன்னோடு எல்லாம் முடிவது என்று பஸ்ஸில் சொன்னதையெல்லாம் மறுபடி சொன்னார். பையன் அந்தப் பெயரைக் கூடச் சேர்த்துக்கொண்டால் போதும், கடைசியில் ஒரு மூலையில் இருந்தால் போதும். நான் ஒவ்வொரு வாக்கியமாக மலாயில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்தச் சொல் வரும் இடத்தில் மட்டும் ‘அந்தப் பெயர்’ என்றேன்.

லெட்சுமி அம்மாள் முழுவதையும் கேட்டார்.

“நாப்பது பையனுங்க வகுப்புல உக்காந்திருப்பாங்க. சிக்கு சுண்டால்னு கூப்பிடுவாங்க. என் மகன் எத்தனை நாள் தாங்குவான்?” சிக்கு என்றால் வாத்தியார். முனியாண்டி சிரிப்பை அடக்க வெளியே போனார். அம்மாள் குரல் தணிந்தது. “அது எங்க அம்மா மானத்துக்காக எங்க அப்பா கழட்டிப் போட்ட பேரு. அதை எடுத்து என் மகனுக்கு மாட்ட நான் யாரு?”

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று தடுமாறினேன். தேவைப்படவில்லை. துரை தலையை ஆட்டினார். காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். நூற்றைம்பது மைல், இரண்டு படகு, ஒரு துடைப்பம், எல்லாம் இதற்குத்தான் என்று எனக்கு யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. அந்த ஊருக்குப் பொருத்தமான கோபம்.

ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். டாக்சிக் கதவு வரை அம்மாள் வந்தார். பலகாரப் பொட்டலம் ஒன்றைத் துரையின் மடியில் வைத்தார்.

“அடுத்த தடவை கப்பல் வந்தா நேரா வீட்டுக்கு வரணும், அபாங்” என்றார்.

துரை என்னைப் பார்த்தார். முனியாண்டி முந்திக்கொண்டு, தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: “அண்ணன் துரை, அண்ணன்! இங்கே அண்ணனைப் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா வாயிலே அடி.”

“அப்படியானால் என் பெயரை இவர் என்றைக்குமே சொல்ல வேண்டியதில்லையா?”

“இல்லை” என்றேன்.

துரை இறங்கினார். அந்த உயரமான அம்மாளின் கையைப் பிடித்து நெடுநேரம் குலுக்கினார். பிறகு ஏறிக்கொண்டார்.

தம்பின் இருபத்துநாலு மைல். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். ரயிலில் உட்கார்ந்தோம்.

“என்னோடு முடிகிறது. முடியட்டும்” என்றார் துரை. கொஞ்சம் கழித்து, “உங்களை வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், மிஸ்டர் வைத்தியலிங்கம்?” என்று கேட்டார்.

என் மனைவி என் பெயரைச் சொன்னதே இல்லை என்றேன். எங்கள் வழக்கம் அப்படி. ‘என்னங்க’ என்பாள்.

“என்னங்க” என்று அவர் மரியாதையோடு சொல்லிப் பார்த்தார். “இது அரிதான பெயரா?”

“இல்லை. தமிழர்களில் கலியாணமான ஆண்கள் எல்லோருக்கும் இதுதான் பெயர்” என்றேன்.

துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். பொறாமைதான்.