நான் செத்துப்போன மனு

எனக்கு எழுபத்தாறு வயது. நான்கு பெற்றேன், நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து ஐந்தாக வளர்த்தேன். ஐந்தும் இன்றைக்கு உயிரோடு, சோற்றுக்குப் பஞ்சமில்லாமல் இருக்கின்றன. இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால், ஆமாம், பெருமைதான். படிப்பு என்று கேட்டால்தான் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தமிழில் மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. அந்தப் பாதி முழுசாகாமல் போனதற்கும் நான் எட்டு வயதில் செத்துப்போனதற்கும் சம்பந்தம் உண்டு. சொல்கிறேன், அவசரம் ஒன்றுமில்லை.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை. ஒரு மழைக்காலத்தில் என் மாமா, அம்மாவுக்கு நேர் இளையவர், திருப்பதியிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். அங்கே ஒரு தமிழ்க்காரரின் அரிசிக் கடையில் கணக்கு எழுதப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அத்தையும் அவர்கள் பெண்ணும் எங்கே என்று கேட்டேன். "அத்தை அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிருக்குது. பாப்பாவும் கூடத்தான் கீது" என்றாள் அம்மா. அந்தப் பெண் என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒரு பொங்கலுக்கு வந்து என் சொப்புச் சட்டியை உடைத்துவிட்டுப் போனவள். அவள் வராதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. மாமா எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போவார். வேர்த்து வழிந்தாலும் விடமாட்டார்.

மாமாவுக்கு எழுத்துப் பைத்தியம். அவரைப்போலவே பைத்தியம் பிடித்த சிலர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வெல்ல மண்டியில் கூடுவார்கள். அன்றைக்கு மண்டிக்கு லீவு. மண்டிக்காரர், தபால்காரர், எங்கள் பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார், மாமா, இவர்கள்தான் தவறாமல் வருகிறவர்கள். அந்த வாரத்தில் எழுதியதை அவரவர் வாசிக்க வேண்டும். வாசிக்கிறவர் மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் தட்டில் உட்கார வேண்டும். எதிர்த் தட்டில் கல்லைப் போட்டு நிமிர்த்திவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். வாசிக்கிறவருக்கு உடம்பு நடுங்கினால் சங்கிலி கிணுகிணுக்கும், ஊருக்கே தெரிந்துவிடும். கேட்கிறவர்கள் பாராட்டக் கூடாது. எந்த இடத்தில் மனசுக்கு ஒட்டவில்லையோ அந்த இடத்தில் "பொய்" என்று சொல்ல வேண்டும். எழுதியவர் பேசாமல் அதை அடித்துவிட வேண்டும்.

தபால்காரர் எப்போதும் ராஜா கதை எழுதுவார். "நீ எந்த ராஜாவைப் பாத்தே? உன் பையில நல்லதா ஒரு மணியார்டர்கூட வர்றதில்ல" என்பார் மண்டிக்காரர். "உம்மைப் பாத்துத்தான்யா எழுதினேன், கருப்பட்டி ராஜா" என்பார் தபால்காரர். எனக்கு ஒரு வெல்லக்கட்டி கிடைக்கும். எறும்பை ஊதிவிட்டுத் தின்றுகொண்டே கேட்டிருப்பேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கோடு போட ஓர் ஆபீசர் வரப்போகிறார், மெட்ராஸ் பக்கம் சேர்க்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. இந்தப் பக்கமே, ஆந்திராவிலேயே இருந்துவிட்டால் பள்ளியில் தமிழ் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்று வாத்தியார் சொன்னார். அவருக்கு அது சோறு.

மற்ற ஊர்க்காரர்கள் ஒரே மனு எழுதி, ஊரே கையெழுத்தும் கைநாட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வாத்தியாரும் அப்படியே செய்வோம் என்றார். மாமாதான் ஒப்பவில்லை.

"நூறு பேரு ஒரே மனுவுல கைநாட்டு வெச்சா அது கும்பல். ஊட்டுக்கு ஒண்ணா குடுத்தா மனுஷன். படிக்கிறவனும் மனுஷன்தானே?"

எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சு இனித்துவிட்டது. அதற்குப்பிறகு ஞாயிறு தவறாமல் மனுதான். வீட்டுக்கு ஒரு கதை. தெலுங்குப் பத்திரத்தில் என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்து நிலம் இழந்த கிழவி, கோர்ட்டுக்கு அலைந்தே மாட்டை விற்றவர் என்று ஒவ்வொன்றாகத் தராசுத் தட்டில் ஏறியது. ஒரு மாடு இரண்டாயிற்று. இருக்கிற நிலம் போன நிலமாயிற்று. யாராவது "பொய்" என்று வாய் திறந்தால், "மனுவுக்கு அது வேணும், உடு" என்பார் மண்டிக்காரர். கொஞ்ச நாளில் அந்த வார்த்தையே அங்கே நின்றுபோயிற்று.

கடைசியாக எங்கள் வீட்டு மனுவை மாமா எழுதிக்கொண்டு வந்தார். வாசிக்க ஆரம்பித்ததும் சங்கிலி கிணுகிணுத்தது. நிற்கவே இல்லை.

மனுவில் எனக்குக் காய்ச்சல். திருப்பதியில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் மருந்து கொடுக்கிறார்கள். ஒன்று குடிக்க, ஒன்று மேலே பூச. எது எதற்கென்று மேலே ஒட்டிய காகிதத்தில் தெலுங்கில் எழுதியிருக்கிறது. என் நைனாவுக்கு அந்த எழுத்து தெரியாது. பூசுகிற மருந்தைத் தன் கையால் எனக்குப் புகட்டுகிறார். கசக்கிறது என்று நான் அழவில்லை. நைனா கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று குடித்துவிட்டு, அவர் மடியிலேயே படுத்துக்கொள்கிறேன். மஞ்சள் கண்ணாடி வளையல் போட்ட கை விடிவதற்குள் சில்லிட்டுப் போகிறது.

தபால்காரர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். மண்டிக்காரர் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்காக இத்தனை பேர் அழுது நான் பார்த்ததில்லை. ரொம்பப் பிடித்திருந்தது. செத்துப்போன நான் உயிரோடிருந்த என்னைவிட நல்ல பெண்ணாகவும் இருந்தேன். ஆனாலும் விதி என்றால் விதிதானே. நான் கையைத் தூக்கி, "பொய்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு மஞ்சள் வளையலே கெடையாது, மாமா."

மாமா என் வெறுங்கையைப் பார்த்தார். "ஆமா கண்ணு, உனக்கு இல்ல" என்றார். பேனாவை எடுத்து வளையலை அடித்துவிட்டார். நான் சொல்லி ஒரு பெரியவர் அடித்தாரே என்று எனக்கு ஒரே கர்வம். வீட்டுக்கு வந்து நைனாவிடம், "ஊருக்கு எல்லாரும் குடுக்கறாங்க, நீங்களும் வெச்சுடுங்க மச்சான்" என்று மாமா கைநாட்டு வாங்கினார். என்ன எழுதியிருக்கிறது என்று நைனா கேட்கவில்லை. மச்சான்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஆபீசர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வடக்கத்திக்காரர். கூட இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு குமாஸ்தா. பின்னாலேயே வாத்தியாரும் பாதி ஊரும். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் உட்காரவில்லை. அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அம்மா, உங்க மனுவைத் தொரைக்குப் படிச்சுக் காமிச்சேன். அன்னிக்கி அவருக்குச் சாப்பாடே எறங்கல. நேர்ல ஒரு ஆறுதல் சொல்லிட்டுப் போவலாம்னு வந்திருக்காரு" என்றார் குமாஸ்தா.

"எதுக்குங்க ஆறுதல்?"

"உங்க பொண்ணு போனதுக்குத்தான்."

"எம் பொண்ணு எங்க போச்சு? தோ நிக்குதே."

குமாஸ்தா கையிலிருந்த மனுக் கட்டுக்குள்ளிருந்து காகிதத்தை உருவி உரக்க வாசித்தார். அம்மா முதலில் புரியாமல் நின்றாள். இரண்டு பாட்டில் என்று வந்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். என்னவோ சொல்ல வாய் திறந்தாள். கூட்டத்தில் நின்ற மாமா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அம்மா வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பேரும் ஆபீசருக்குப் பயப்படுகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. நாமாவது சொல்லுவோம் என்று முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க செத்துட்டது. மாமா நல்லா எழுதியிருக்குது. மண்டியில எல்லாரும் அழுதாங்க."

ஆபீசர் கோபப்படவில்லை. என் தலையைத் தடவினார். காகிதத்தைக் கட்டுக்குள் வைத்துச் சணலை இறுக்கிக் கட்டினார். குமாஸ்தா வாத்தியாரிடம் மெதுவாக, "மிகதாவி கூடா இட்லேனா?" என்று கேட்டார். மற்றதெல்லாமும் இப்படித்தானா என்று. அவர்கள் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

கழனியிலிருந்து வந்த நைனா, கூட்டத்துக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கத்தவில்லை. கையில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எம் பொண்ணை எங்கையாலயே கொன்னேன்னு எழுதி, அதுக்கு எங்கிட்டயே கைநாட்டு வாங்கிக்கினியே மச்சான்."

மாமா சாகிறவரைக்கும் நைனா அவரோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறும் மாமா என்னை மண்டிக்கு அழைத்துப் போனார். எல்லோரும் இருந்தார்கள். தராசுத் தட்டில் மூட்டை ஏற்றி வைத்திருந்தது. "இனிமே ஞாயித்துக்கெழமையும் யாவாரம் இருக்குதுப்பா" என்றார் மண்டிக்காரர். வாத்தியார்தான் எழுந்து வந்தார்.

"ஊரு எழுதின அத்தனையிலும் நான் பொய் கண்டுபுடிச்சேன். உன்னுதுல மட்டும் ஒரு எடத்துலகூட எனக்கு வாய் வரல. எப்படிய்யா அப்படி எழுதினே? என் பொழப்பே போச்சு."

அப்போதாவது மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாங்கள் வந்த வழியே திரும்பி நடந்தோம். வெல்லக்கட்டி கிடைக்கவில்லை என்பதுதான் எனக்குக் குறை.

திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று. எங்கள் ஊர் இந்தப் பக்கமே நின்றது. எப்படியும் அது போகிற ஊர் இல்லை, மனுவே எழுதாத ஊர்களும்தான் நின்றன என்று பிறகு சிலர் சொன்னார்கள். ஆனாலும் ஊருக்குக் காறித் துப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. தமிழ் வகுப்பு போயிற்று, வாத்தியாரும் போனார். மூன்றாவது படித்தவளைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தெலுங்கில் 'அ' போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. பலகையை வீட்டில் கொண்டுவந்து எறிந்துவிட்டேன்.

அந்தப் பலகையை மாமா எடுத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் எல்லோரையும் போலத் தெலுங்கு சரளமாகப் பேசுவார், எழுத்து ஒன்றும் தெரியாது. சித்தூரிலிருந்து தெலுங்கு வாசகம், முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற புத்தகம், ஒன்று வாங்கிவந்து, ஆறு மாதம் அதையே கட்டிக்கொண்டு கிடந்தார். "மனு பலிக்கலன்னு கட்சி மாறிட்டான்டா" என்று சிரித்தார்கள். நானோ, அடுத்த மனுவைத் தெலுங்கிலேயே எழுதப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எதையும் எழுதவில்லை. ஊரில் யார் வீட்டுப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கூப்பிடாமலே உள்ளே போவார். மருந்து பாட்டிலை எடுத்து, மேலே இருக்கிறதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படிப்பார். வைத்துவிட்டுப் போய்விடுவார்.

"உயிரோட இருக்கற கொழந்தைக்குச் சாவு எழுதினவன், எங்கூட்டு வாசப்படி மிதிக்காதே" என்று ஒருத்தி முறத்தை வீசினாள். முறம் பட்டு நெற்றியில் ரத்தம். அப்போதும் பாட்டிலை அவளிடம் நீட்டி, "இது பூசறதுமா, குடுத்துடாதே" என்றுவிட்டுத்தான் வந்தார். அவரோடு தெருவில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையைப் பிடிக்க வந்தால் பின்னால் கட்டிக்கொள்வேன். நான் பெரியவளான வருஷம் வயிற்றுவலி என்று படுத்தவர், இரண்டு நாளில் போய்விட்டார். அத்தை வரவில்லை.

என் மூத்தவனுக்கு முதல் காய்ச்சல் வந்தபோது நான் அம்மா வீட்டில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு பாட்டில் கொடுத்தார்கள். ஒன்றைத் திறந்து குலுக்கினேன். அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டிக்கொண்டு வந்த பிறகுதான் கையில் கொடுத்தாள். அன்றைக்குத்தான் சொன்னாள்.

"உங்க மாமா பொண்ணு காய்ச்சல்ல போச்சுன்னுதான் உங்க நைனாவுக்குக்கூடத் தெரியும். பூசற மருந்தைத் தம்பி தன் கையாலதான் குடுத்துது. அந்தப் பொண்ணு அழாம குடிச்சுதாம். எவ்வளவு எழுதற மனுஷன், அந்த ரெண்டு வரியைப் படிக்கத் தெரியலியேடி. அத்தை அப்ப போனவதான்."

திருப்பதியில் செத்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் மனு கொடுக்க அவருக்கு வீடு ஏது, அதனால் எங்கள் வீட்டில் என் பேரில் எழுதியிருக்கிறார். பேர் மட்டும்தான் என்னுடையது. "எம் பொண்ணுங்க அது" என்று ஆபீசரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நைனா முகம் திரும்பியிருக்காது, ஊர் துப்பியிருக்காது. அதைச் சொன்னால் யார் கையால் என்ற அடுத்த கேள்வி வரும். அது எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது சொல்வதற்கு நைனாவும் இல்லை, அவரும் இல்லை.

கண்ணு, பாட்டி சொன்னதெல்லாம் எழுதி ஆயிற்றா? நான் தமிழில் சொல்லச் சொல்ல நீ தெலுங்கு எழுத்தில்தான் எழுதிக்கொண்டு வருகிறாய், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்கு வந்த எழுத்து அது, நீ என்ன செய்வாய். வேலூரில் இருக்கிற உன் அத்தையிடம் கொடுத்துத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். நீ எழுதியதை என்னால் படிக்க முடியாது. முதலிலிருந்து படி, கேட்கிறேன். மாமா தன் கையால் கொடுத்த இடம் வரும். அங்கே என் முகத்தைப் பார்த்து நிறுத்தாதே, படித்துக்கொண்டே போ.