பாப்பா ஒரு ரெஃபரன்ஸ் டைப்

வூட்டுல இருந்தே செய்யிற புரோகிராமிங் வேலைக்கு இன்னைக்கு வீடியோ இன்டர்வியூ. எங்க புதூர்நாட்டு மலையில எங்க வூட்டு ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிக்கும். பாப்பாவைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, நாத்தனார் செல்வி கையில குடுத்துட்டு அங்க போய் உக்காந்தேன்.

நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு. திடீர்னு இன்டர்வியூ எடுத்த சார் கேட்டார்: "வேல்யூ டைப்புக்கும் ரெஃபரன்ஸ் டைப்புக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க."

மனப்பாடமா படிச்சதுதான். ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரல.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே செல்வி. இடுப்புல பாப்பா. மூஞ்சி, தலைமுடி, கவுன் எல்லாம் பலாச்சுளை.

"அடியே, இன்னாடி பண்ணி வெச்சிருக்க எம் பொண்ணை?"ன்னு கத்திட்டேன். மைக் ஆன்லயே இருந்துச்சு.

"ஒரே ஒரு சுளைதான் அண்ணி குடுத்தேன். மீதியை அவளே எடுத்துக்கினா."

மானம் போனப்புறம் பயம் எதுக்கு?

"சார், காலையில பாப்பா போட்டோவை வூட்டுக்காரருக்கு அனுப்பினேன். அவர் அதுல மீசை வரைஞ்சார். என் போன்ல இருக்கிற போட்டோவுக்கு மீசை வரல. அவருக்குப் போனது தனி காப்பி. அது வேல்யூ டைப். பாப்பாவை இவ கையில குடுத்தப்ப காப்பி போகல. ரெண்டு பேர் கையிலயும் ஒரே பாப்பாதான். இவ பழம் ஊட்டினா, எம் பாப்பாதான் பிசுபிசுக்கும். அது ரெஃபரன்ஸ் டைப்."

சார் கேமராவை ஆஃப் பண்ணிட்டுச் சிரிச்சார். அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க.

"அன்னைக்கும் பழம் ஊட்டிக் கூட்டினு வரவா அண்ணி?"ன்னு செல்வி இப்பவே கேக்குறா.

வேலை கெடைச்சா தினமும் பாப்பா இவ கையிலதான்.

பலாப்பழ சீசன் எப்ப முடியும்னு தெரிஞ்சவங்க கமெண்ட்ல சொல்லுங்க.