ஆம்பளைகள் பறித்த பூ

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையோரம் இருந்த எங்கள் ஊரில் மல்லிகைத் தோட்டம் இல்லாத வீடு குறைவு. அன்று மலரப்போகும் மொட்டை வெயில் ஏறுமுன் பறித்து பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். அதனால் காலையில் பிள்ளைகள் எல்லோரும் பறிக்கும் பூவைப் போட இடுப்பில் மடித்துணி கட்டிச் செடிகளுக்கு நடுவே நிற்போம். பள்ளியில் இருந்த ஒரே வாத்தியார் தனியாக உட்கார்ந்திருப்பார். நாங்கள் போய்ச் சேரும்போது பாதிப் பொழுது போயிருக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒருநாள் வாத்தியாரே விடிகாலையில், பூக்கூடை ஏற்றும் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார். ஊர் மொத்தமும் அங்கேதான் இருக்கும். புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், காலையில் பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளியை மூடி, ரோட்டைத் தாண்டித் தொலைவில் உள்ள ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்றார்.

பையன்கள் நடந்து போய்விடுவார்கள். "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்ப மாட்டேன்" என்று அம்மா அங்கேயே சொல்லிவிட்டாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

புதனுக்கு மறுநாள் முகூர்த்தம். பூவுக்குக் கிராக்கி, பிள்ளைகள் இல்லாமல் பெண்கள் மட்டும் பறித்து மாளாது. பக்கத்துத் தோட்டத்து அத்தைதான் கேட்டாள்: "ஏன், ஆம்பளைக கை பூவத் தொட்டா கரைஞ்சா போயிரும்?"

எங்கள் ஊரில் ஆண்கள் தண்ணீர் பாய்ச்சுவார்கள், கிளை வெட்டிக் கவாத்து செய்வார்கள், கூடை தூக்குவார்கள். பூப்பறிப்பது மட்டும் பெண்கள், பிள்ளைகள் வேலை. சிரித்து மழுப்பப் பார்த்தார்கள், பெண்கள் விடவில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பொம்பளை மாதிரி மடித்துணி கட்ட மாட்டோம், துண்டில்தான் பறிப்போம் என்றார்கள். அப்படி ஒரு வீறாப்பு.

புதனன்று தலைவாரி, நேரத்துக்குப் பள்ளியில் உட்கார்ந்தோம். சாயங்காலம் வரை இன்ஸ்பெக்டர் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா பத்ரகாளியாக நின்றாள். அன்றைய மொட்டை மட்டும் கிள்ளி, நாளைக்கு உள்ள பச்சை மொட்டை விட்டுவைக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த ஆண்களுக்குத் தெரியவில்லை. அப்பா உட்பட எல்லோரும் செடியைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். "நாளைக்கு என்னத்தப் பறிக்க? ஒங்க மீசையவா?" என்றாள் அம்மா.

மறுநாள் எந்தத் தோட்டத்திலும் பறிக்கிற அளவுக்குப் பூ இல்லை. கண்முன்னே நிற்காதீர்கள் என்று எங்களைக் காலையிலேயே பள்ளிக்கு விரட்டினார்கள். மணியடித்த கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். சொன்ன நாளில் வராமல் சொல்லாத நாளில் வருவது அவர் வழக்கமாம். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பள்ளி பிழைத்தது.

மறுபடி எந்த நாளில் வருவாரோ என்ற பயத்தில் ஆண்கள் தினமும் பறிக்க வேண்டியதாயிற்று. அம்மா செடிக்குச் செடி நின்று அப்பாவுக்கு மொட்டுகளை அடையாளம் காட்டினாள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். அப்போதும் ஆண்கள் யாரும் மடித்துணி கட்டவில்லை; துண்டு மட்டும் துண்டாகவே இருந்தது.

ஐந்தாம் வகுப்பு முடித்ததும், என்னைத் திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் விட்டு மேலே படிக்கவைக்கலாமா என்று பேச்சு வந்தது. அதுவரை லீவு நாளில் பறிப்பதற்காவது நான் இருந்தேன். "இவ போயிட்டா இவ வரிசைய யாரு பறிப்பா?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மடித்துணியை எடுத்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.