உட்கார இடமில்லாத அரண்மனை

மரச்சாமான் கடையில் அவருக்கு வேலை, இல்லாத வீட்டை இருப்பதுபோல் காட்டுவது. தட்டிச் சுவர் நிறுத்தி, நடுவே சோபா போட்டு, மேசைமேல் பிளாஸ்டிக் ஆப்பிள்களை அடுக்கி, அட்டை டிவியை மாட்டிவிட்டு, நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். வருகிறவர்கள் சொக்கிப் போவார்கள். போகட்டும், அதற்குத்தானே சம்பளம். ஆனால் மனிதர் அந்தக் கண்ணைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்ததில்லை. வீட்டு சோபாவுக்கு, வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் கழலவில்லை. அவர் மனைவி உட்காருவது சமையலறை முக்காலியில்.

அந்த வீட்டுக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. வேலை மாறி வெளியூர் போன அவள் தம்பி, "அக்கா, இனிமே இது உன் பொறுப்பு" என்று கையில் கொடுத்துவிட்டுப் போன நீராமை. துணி அலசும் தொட்டியில் தண்ணீர் விட்டு, நடுவே ஒரு செங்கல் வைத்து, ஜன்னல் வெயில் படும்படி தள்ளிவைத்தாள். ஆமை செங்கல்மேல் ஏறி நாலு காலையும் நீட்டிப் படுக்கும். இவள் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அதனிடம் ஊர்க்கதை எல்லாம் பேசுவாள். அந்த வீட்டில் அவள் பேச்சை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

நம்மவருக்குப் பொறுக்குமா? "யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க? அழுக்குத் தொட்டி, அதுல ஒரு செங்கல்லு!"

அடுத்த விடுமுறைக்குள் கூடத்தில் கண்ணாடித் தொட்டி எழும்பியது. அரைத் தொட்டித் தண்ணீர் பார்வைக்கு எடுப்பாக இராது என்று மூடி வரைக்கும் நிரப்பினார். நீலக் கற்கள், பிளாஸ்டிக் செடிகள், ஊசிக் கோபுரங்களோடு ஓர் அரண்மனை. விளக்கு மட்டும் ஆமைப் பக்கம் இல்லை. பார்க்க வருகிறவர்களுக்கு வசதியாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருந்தது.

"என்னங்க, அந்தச் செங்கல்லு?"

"அரண்மனைக்குள்ள எவனாவது செங்கல்ல வைப்பானா? உனக்கு ரசனையே கிடையாது."

செங்கல் பின்கதவுக்கு வெளியே போனது. ஆமை நாள் முழுக்கக் கண்ணாடியைப் பிறாண்டியது. "பாருங்க, சந்தோஷத்துல டான்ஸ் ஆடுது!" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் பாவம், கைதட்டிவிட்டுப் போனார்.

பிறகு டான்ஸ் நின்றது. சாப்பாடும் நின்றது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அவள் ஆமையைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினாள். இவரும் கூடவே போய், கேட்காமலே போனில் தொட்டியின் படத்தை நீட்டினார்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றார் மருத்துவர். "இதுல ஆமை எங்க ஏறி உக்காரும்?"

இவர் அரண்மனையைத் தொட்டுக் காட்டினார்.

"கூரையெல்லாம் ஊசியா இருக்கே?"

"அது வந்து... பாக்கறதுக்கு."

"ஓயாம நீந்திட்டே இருந்தா எந்த ஜீவன் தாங்கும்? ஓடு காயணும், சூடு படணும். இப்பிடியே விட்டா பிழைக்காது."

மருந்தை வாங்கிக்கொண்டு அவள் ஆமையோடு வீடு திரும்பினாள். கூடத்துக்கு வந்ததும், பளபளவென்றிருந்த சோபாவைப் பார்த்துச் சொன்னாள்: "ஆமைக்கும் உக்கார இடம் வைக்கல நீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. எத்தனையோ கூடங்களை அலங்கரித்த மனிதர் தொட்டிக்குள் கையை விட்டார். முழங்கை வரை நனைந்து அரண்மனையைப் பிடுங்கினார். பாதித் தண்ணீரை இறைத்தார். பின்கதவைத் திறந்து செங்கல்லைத் தேடி எடுத்து வந்து வைத்து, விளக்கை அதன்மேல் திருப்பினார்.

மருந்து போட்டுப் போட்டுக் கண் திறந்தது. ஒருநாள் காலை ஆமை தத்தித் தத்திச் செங்கல்மேல் ஏறி, நாலு காலையும் நீட்டியது. "என்னங்க, இங்க வாங்களேன்!" என்று அவள் கத்தினாள். அழுகையும் சிரிப்புமாக முக்காலியை எடுக்கப் போனாள்.

"அது எதுக்கு?" என்றார். கடையில் அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியால் சோபா உறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கிழித்தார். "இங்க உக்காரு. கால நீட்டி உக்காரு."

அவள் முதலில் விருந்தாளி மாதிரி ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு ஆமையைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு காலாக மேலே தூக்கி வைத்தாள். அவர் வழக்கம்போல் நாலடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கப் போனவர், "அங்க என்ன நிக்கிறீங்க, வாங்க" என்று அவள் கூப்பிட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.