மகனுக்குக் கலக்கிய ஜாதிக்காய்ச் சோடா

1. ஜாதிக்காயைப் பழுப்புச் சீனியோடு வேகவைத்து வடிகட்டவும்.
2. சோடாவைக் கடைசியில் மெதுவாக ஊற்றவும்.
3. பீர் கிளாசில் கொடுத்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

குடியை விட்டிருந்த மகனுக்கு இன்று பிறந்தநாள் விருந்து. நண்பர்கள் நடுவே அவன் கையில் ஏதாவது இருக்கட்டுமே என்று செய்தேன். நிறமும் நுரையும் சரியாகவே வந்தன.

பக்கத்திலிருந்த நண்பன் கிளாசை வாங்கி முகர்ந்தான்.

“டேய், அங்கிள் உனக்குப் பால்புட்டி குடுத்திருக்காரு லா!”

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான். சோடாவைப் பூந்தொட்டியில் கொட்டிவிட்டு, அதே கிளாசை நண்பனிடம் நீட்டினான். அவன் பீர் ஊற்றினான்.

“அப்பா, நீங்க உள்ள போங்க.”

போனேன்.

ஜாடியில் நிறைய மிச்சமிருக்கிறது, வேண்டுபவர்கள் வரலாம். முதல் இரண்டு குறிப்புகளும் சரி.

மூன்றாவது தவறு.