ஒஹாயோவில் அப்பாவின் பெயர்

வெயிலில் காய்ந்த கார் சீற்றின் மணமும் பாண் துண்டுகளுக்கு நடுவே வைத்த சீனிச்சம்பலின் வெங்காய மணமும் சேர்ந்து வந்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பயணம்தான் நினைவுக்கு வரும். எங்களுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்த கோடையில், எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது, அப்பா அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, கனடாவில் எங்கள் வீடிருந்த அஜின்கோர்ட்டிலிருந்து அமெரிக்காவின் ஒஹாயோவுக்குத் தன் "சொந்தக்காரரை"ப் பார்க்கப் புறப்பட்ட நாளின் மணம் அது.

அப்பாவின் முழுப்பெயர் சாமுவேல் வெல்டன் செல்லத்துரை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பாதிரிமார் நடத்திய விடுதிப் பள்ளியில் படித்த அவருடைய பூட்டனிடமிருந்து, தலைமகனுக்குத் தலைமகனாக இறங்கிவந்த பெயர். அந்தப் பூட்டனின் தகப்பன் ஒஹாயோவிலிருந்து வந்த வெள்ளைக்காரர் என்று குடும்பத்தில் ஒரு கதை. அப்பா வேலைசெய்த மிசிசாகாத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசிய நாட்களில் அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "எங்கடை உடம்பிலை ஓடுறதும் இந்த மண்ணின்ரை ரத்தந்தான்" என்பார். "அப்ப ஏன் உந்த ரத்தம் இந்தக் குளிருக்கு ரெண்டு சுவெற்றர் கேக்குது?" என்று அம்மா நக்கலடிப்பார். ஆனால் அந்தக் கதையைப் பிடுங்கிவிட்டால் அப்பாவுக்கு அடுத்தநாள் வேலைக்குப் போகக் கால் எழும்பாது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

நூலகத்தில் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து, ஒஹாயோவின் வெல்டன்களுக்கெல்லாம் அப்பா போன் அடித்தார். ஒரு வயதான பெண்மணி மட்டும், சாமுவேல் வெல்டனைத் தெரியும், வந்தால் காட்டுகிறேன் என்றாராம். அதற்குமேல் கேட்க அப்பாவுக்குத் துணிவில்லை.

எல்லையில் அதிகாரி பாஸ்போட்டில் இருந்த பெயரையும் அப்பாவின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, யாரிடம் போகிறீர்கள் என்றார். சொந்தம் என்றார் அப்பா. என்ன முறை என்று கேட்டதும் அப்பாவின் பிடரியில் வியர்வை இறங்குவதைப் பின்சீற்றிலிருந்து கண்டேன். "வாய் திறவாதை பிள்ளை" என்று அம்மா என் கையை நசுக்கினார். பாண் பெட்டிவரை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் எங்களை விட்டார்கள்.

போனில் பேசிய அந்தப் பெண்மணி வீட்டு வாசலில் நின்று அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே கூப்பிடவில்லை, சோளக்காட்டுக்கு நடுவேயிருந்த தேவாலயத்தின் சேமக்காலைக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே முழங்கால் உயரமும் இல்லாத ஒரு கல்லறைக் கல். அப்பா குனிந்து, அதில் தன் பெயரை வாசித்தார். ஆறு வயதில் காய்ச்சலில் செத்த பையன், அந்தப் பெண்மணியின் பாட்டனுக்குத் தமையனாம். கடலையே கண்டிராத, சோளம் விதைத்த கமக்காரரான அவன் தகப்பன், யாழ்ப்பாணத்துப் பாதிரிமார் பள்ளியில் பிள்ளை ஒன்றின் படிப்புச் செலவை ஏற்று, தன் மகனின் பெயரை அதற்கு வைக்கக் கேட்டாராம். அந்தக் காலத்தில் அப்படியொரு வழக்கம் இருந்ததாம். அந்தப் பள்ளிப் பிள்ளைதான் அப்பாவின் பூட்டன்.

அப்பா நிமிர்ந்தார். அழுவாரோ, கத்துவாரோ என்று நான் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"அந்த யாழ்ப்பாணப் பிள்ளை வளர்ந்தானா?" என்று அந்தப் பெண்மணி கேட்டார். "எங்கள் வீட்டில் கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது."

"வளர்ந்தார்" என்றார் அப்பா. "வாத்தியாரானார். வீடு நிறையப் பிள்ளைகள்." பெண்மணி அப்பாவின் கையைப் பிடித்தார், அதன் பிறகுதான் எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

ரத்தக் கதையைப் பிறகு அப்பா சொன்னதேயில்லை. திங்கட்கிழமை வழமைபோல வேலைக்குப் போனார்.

அப்பா போன மாசியில் காலமானார். அந்தப் பெண்மணி எப்போதோ போய்விட்டார். சோளக்காட்டுத் தேவாலயத்தையும் இடித்துவிட்டார்களாம். நான் ஒற்றைப் பிள்ளை, அதுவும் பெண்; என் மகனுக்கு அவனுடைய தகப்பன் வழிப்பெயர். வெல்டன் என்று இனி எங்களில் எவருமில்லை. அப்பாவின் கல்லறைக் கல்லில் செல்லத்துரை என்று மட்டும் வெட்டினால் போதுமோ என்று அம்மாவைக் கேட்டேன்.

"முழுப்பேரையும் வெட்டச் சொல்லு" என்றார் அம்மா. "ஆறு வயதிலை நிண்ட அந்தப் பேர் வளர வேணுமெண்டுதானே அந்தப் பெடியன்ரை தாய் தேப்பன் குடுத்தவை. வயது எழுபத்தெட்டு எண்டும் பெரிசாப் போடச் சொல்லு."