அத்தை சொன்ன மலையாளப் படங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் ஒரு பழைய மலையாளப் படம் பார்த்துக்கொண்டிருந்தவள், கடைசிக் காட்சியில் "அடிப்பாவி அத்தே!" என்று கத்திவிட்டேன். அடுக்களையிலிருந்து ஓடிவந்த என் வீட்டுக்காரர், பல்லி விழுந்துவிட்டதோ என்று என் தலையைத் தடவிப் பார்த்தார். பல்லி இல்லை. இப்போது எந்த மொழிப் படம் போட்டாலும் கீழே தமிழில் எழுத்து ஓடுகிறதே, அது செய்த வேலை.

அந்தப் படம் நான் முன்பே பார்த்ததுதான். வீட்டை மீறிக் கல்யாணம் கட்டிக்கொண்ட மகளின் வாசலில், கொட்டும் மழையில் குடையோடு ஒரு அப்பா வந்து நிற்பார். கைக்குழந்தையோடு மகள் வெளியே வந்து ஒரு துணி மூட்டையை நீட்டுவாள். வாங்கிக்கொண்டு அவர் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். அவள் அழுவாள். படம் முடிந்துவிடும். அவர் சொன்னது எனக்கு இத்தனை வருஷமாக மனப்பாடம். "நான் முன்னால போறேன், நீ புள்ளையத் தூக்கிட்டு என் பின்னாலயே வா."

கீழே ஓடிய எழுத்தோ, "எனக்கு மகள் கிடையாது" என்றது. மூட்டையில் இருந்தது அவர் திருப்பி வாங்க வந்த நகையாம்!

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு தெருக்கடைசியில் இருந்தது. கேபிள் வந்து சேர்வதற்குள் தமிழ் சேனல்கள் எல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். மலையாள சேனல் ஒன்று மட்டும் துடைத்துவிட்ட மாதிரி வரும். ஆகவே ஞாயிறு மதியம் எங்களுக்கு மலையாளப் படம்தான். வீட்டில் மலையாளம் தெரிந்த ஒரே ஆள் அப்பாவின் தங்கச்சி, என் அத்தை. மாமா தவறும்வரை கேரளத்தில் வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு, பிறகு எங்களோடு வந்து இருந்தாள். அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் சேலையெல்லாம் ஏலக்காய் மணக்கும். இன்றைக்கும் பாயசத்தில் ஏலக்காய் கூடிப்போனால் எனக்குப் படம் பார்க்கிற நினைப்பு வந்துவிடும்.

ரிமோட் அத்தை கையில்தான் இருக்கும். முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைத்துவிடுவாள். "நீங்க சத்தத்தக் கூட்டுனா நான் எப்படிச் சொல்றது?" என்பாள். நியாயம்தானே என்று நாங்களும் கம்மென்று இருப்போம். சில சமயம் கதாநாயகன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சொல்லி முடித்திருப்பாள். ஒரு தடவை நான் கேட்டே விட்டேன். "அவன் ரெண்டு வார்த்தைதான பேசுனான், நீ என்னத்தே இம்புட்டு நீளமாச் சொல்ற?" அத்தை அசரவில்லை. "அது சுருக்கமான பாஷடி."

இதை நம்பி நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அப்போது கம்பத்தில் ஒரு விதைக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். மலையாளப் படம் என்றாலே சோகம் என்று யாராவது சொன்னால் போதும், சண்டைக்குப் போய்விடுவேன். மலையிலிருந்து விதை வாங்க வந்த மலையாளி ஒருவரிடம், "உங்க படத்துலதான் அப்பாமாரெல்லாம் எம்புட்டு நல்லவக! கடைசில எல்லாரும் ஒண்ணாச் சேந்துர்றாக" என்று பாராட்டுப் பத்திரம் வாசித்தேன். அந்த மனிதர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது ஏது சினிமா, சேச்சி?" என்று கேட்டார். பாவம், ஊரில் போய்த் தேடியிருப்பார்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு துக்கம் இருந்தது. அக்கா, குமுளிக்கு ஜீப் ஓட்டிய பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். "அவ பேர எவளாவது எடுத்தா நான் தோட்டத்துலயே படுத்துக்கிருவேன்" என்று அப்பா சொல்லிவிட்டார். அக்காவுக்குப் பிள்ளை பிறந்த சேதி வந்தும் அவர் அசையவில்லை. அம்மா திராட்சைப் பந்தலடியில் நின்று யாருக்கும் தெரியாமல் அழுதுவிட்டு வருவாள். ஞாயிறு மதியம் அப்பா வாசலில் நாற்காலி போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். படம் பார்க்கவில்லையாம். விளம்பரம் வந்தால் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்.

அந்தக் குடைக்காரர் படம் வந்த அன்று அப்பா எப்போது டிவி பக்கம் திரும்பினார் என்று தெரியவில்லை. "பின்னாலயே வா" என்று அத்தை சொல்லி முடித்ததும், வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"குடையக் குடுக்காமப் போறான் பாரு, கூறுகெட்ட பய. கைப்புள்ள நனையுதுல்ல?"

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். அத்தை டிவியை அணைத்துவிட்டு, "அவனுக்குக் கூறு இல்லண்ணே. உனக்கு இருக்குல்ல?" என்றாள்.

அடுத்த வாரம் நல்ல சாரல். அப்பா யாரிடமும் சொல்லாமல் காலையிலேயே கிளம்பிப் போனார். பொழுது சாயும்போது தெருமுனையில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குள் அக்காவும் பிள்ளையும். முன்னால் அப்பா தொப்பல் தொப்பலாக நனைந்து, அக்காவின் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

போன ஞாயிறு, கத்தின கையோடு குமுளிக்குப் போன் போட்டு அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது.

"நான் வந்த மொத ஞாயித்துக்கெழமையே கண்டுபிடிச்சிட்டேன்டி. எனக்குத்தான் மலையாளம் வந்துருச்சே. சொல்ல வாயெடுத்தேன், அத்தை தொடையில நறுக்குன்னு கிள்ளிருச்சு." பிறகு அவள் குரல் தணிந்தது. "அப்பா அன்னைக்கு இங்கன வந்து என்ன சொன்னாகன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"'இந்தா, குடையப் பிடி. நான் முன்னால போறேன், நீ புள்ளையத் தூக்கிட்டு என் பின்னாலயே வா'ன்னாக."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அப்பா போய்விட்டார், அவருக்குப் பின்னால் அத்தையும். பந்தல் இருந்த இடத்தில் இப்போது வீட்டுமனைக் கல் நட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் கடைக்குப் போன நேரத்தில் அந்தக் கடைசிக் காட்சியை மறுபடியும் போட்டேன். எழுத்தை நிறுத்தினேன். அத்தை மாதிரியே சத்தத்தையும் குறைத்தேன். மழை பெய்தது. மகள் மூட்டையை நீட்டினாள். குடைக்காரர் வாயைத் திறந்தார்.

வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.